கோபம் வந்தால் அரபி, காசு எண்ணினால் சிங்களம்

(வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, என் தாத்தா கடைசிவரை காசைச் சிங்களத்தில்தான் எண்ணினார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடிதமும் வாட்ஸப்பும் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த மாதம் முழுக்க வேற்றுமொழிக் கதைதான். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மொழிப் பண்டிதன் இல்லை. கீழக்கரையில் இருபத்தாறு வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவன். வகுப்பு பாதி, வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பமும் கடிதமும் அடித்துக் கொடுத்தது மீதி.

கேள்வி: என் கணவர் அரபு நாட்டில் 22 வருடம் சபுராளியாக, அதாவது பிழைக்கப் போனவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் அரபியில் கத்துகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதில் அவருக்கு இன்னும் கோபம். ஏன் இப்படி?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரியபட்டினம்)

ராத்தா, சிரிக்கிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள், நானும் சிரித்துவிட்டேன். என்ன கத்துகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 'கலாஸ்' (முடிந்தது), 'மாஃபி' (இல்லை), 'யல்லா' (கிளம்பு) மூன்றும் அதில் கட்டாயம் இருக்கும். 22 வருடம் அவரை வேலை வாங்கிய சொற்கள் அவை. எந்த மொழியில் ஏச்சு வாங்கினோமோ அந்த மொழியில்தான் ஏசவும் வருகிறது. ஊரை விட்டுப் போனபோது அவர் சின்னப் பையனாக இருந்திருப்பார், வீட்டுக்குப் பெரியவனாகக் கோபப்படுவது எப்படி என்று தமிழில் பழகிக்கொள்ள அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. இரண்டு மாத லீவில் வந்தபோதெல்லாம் யார் கோபப்பட்டிருப்பார்கள்?

அங்கே பேசுவது நாம் ஓதுகிற அரபியும் இல்லை. கொஞ்சம் அரபி, கொஞ்சம் இந்தி, மலையாளம், நடுவில் இங்கிலீஷ் எல்லாம் கலந்த ஒரு வேலைப்பேச்சு. புதிதாகப் போன ஒருவரிடம் முதலாளி 'ஜீப் மாய்' என்றாராம், இவர் வாசலுக்கு ஓடி ஜீப்பைத் தேடினாராம். தண்ணீர் கொண்டு வா என்பதுதான் அது. இந்தக் கதையை என் கடையில் குறைந்தது பத்துப் பேர் தங்களுக்கே நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்கு நிஜமாக நடந்தது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

ஒன்று செய்து பாருங்கள். ஓதப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அரபி எழுத்து கடகடவென்று வரும், பேச ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குப் பேச்சு வரும், பேசுகிற சொல்லை எழுதச் சொன்னால் முழிப்பார். இரண்டு தரப்பையும் ஒரு பாயில் உட்கார வையுங்கள், அவர் சொல்லட்டும், அவர்கள் எழுதட்டும். சிரிப்பு நிற்காது, ஆனால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கேள்வி: என் உம்மாவின் உம்மா வைத்திருந்த தகரப்பெட்டியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. எழுத்து அரபி. ஆனால் ஆலிமிடம் காட்டினால் "இது தமிழ்" என்கிறார். எப்படி?
(கல்லூரி மாணவி, கீழக்கரை)

ஆலிம் சொன்னது சரி, மகளே. அதற்கு அர்வி என்று பேர், அரபுத்தமிழ் என்றும் சொல்வார்கள். தமிழை அரபி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவது. அரபிக்கு 28 எழுத்து, அதில் 'ப' கிடையாது, 'ட' கிடையாது, 'ழ', 'ள', 'ண' எதுவும் கிடையாது. அதனால் இருக்கிற எழுத்துகளிலேயே மேலும் கீழும் கூடுதலாகப் புள்ளி வைத்து நம் ஓசைகளுக்கு எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு உங்கள் ஊர்தான் பெரிய இடம். 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் கீழக்கரையில் அரூஸிய்யா மதரஸாவை நிறுவி, அரபியிலும் அர்வியிலும் எழுதிக் குவித்தவர்.

என் கடைக்கு வரும் வயதான பெண்கள் சிலர் தமிழ் விண்ணப்பத்தில் கைநாட்டு வைப்பார்கள். அதே கையால் கொழும்பிலோ பினாங்கிலோ இருக்கிற புருஷனுக்கு அர்வியில் நாலு பக்கம் எழுதியதைச் சொல்வார்கள். சர்க்கார் கணக்கில் அவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்கள்! அந்த மை விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். புத்தகத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு அரபியாகத் தெரிவது காதுக்கு உங்கள் வீட்டுப் பேச்சாகக் கேட்கும்.

அரபி எழுத்து என்றதும் என் பாவக்கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1980களின் கடைசி. ஒரு பையன் முதலாளி அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான், எந்தத் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னான். எனக்கு அப்போது அரபி எண்கள் அரைகுறை. அரபியில் பூஜ்யம் என்பது வெறும் புள்ளி, 5தான் நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். 25 என்று எழுதியிருந்ததை 20 என்று படித்தேன். நாலு தெரு தள்ளி மதரஸா இருக்கிறது, போய்க் கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாததா என்ற திமிர். அவன் தங்கைக்கு 22ஆம் தேதி கல்யாணம். இவன் 18ஆம் தேதியே பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். பிறகு அங்கிருந்து கடிதம் போட்டான், அதில் என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை, "அண்ணே, அது வட்டம் இல்ல, அஞ்சு" என்று மட்டும் எழுதியிருந்தான். அடுத்த வாரமே அரபி எழுத்து கற்றுக்கொள்ள மதரஸா ஆசிரியர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் வாசிக்க வந்தது. அவன் தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது, தெருவில் பார்த்தால் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

கேள்வி: ஸ்டாஃப் நர்ஸ், 27 வயது. ஜெர்மன் பி1 (இடைநிலை) தேர்வில் பேச்சில் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டேன். கோச்சிங் சென்டரில் முழுத் தேர்வுக்கும் மறுபடி பணம் கட்டச் சொல்கிறார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு. விட்டுவிடவா?
(வாசகி, தங்கச்சிமடம்)

விடாதே தங்கச்சி. முதலில் பணத்தைப் பார்ப்போம். கோதே நிறுவனம் நடத்துகிற பி1 தேர்வு வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு தனித்தனிப் பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தோற்ற பகுதிக்கு மட்டும் மறுபடி உட்காரலாம். முழுப் பணம் கேட்கிறவர்களிடம் ஏன் என்று கேள், கேட்கவும் பயமாக இருந்தால் சென்னையில் அந்த நிறுவனத்தின் கிளையான மாக்ஸ் முல்லர் பவனிலேயே நேரடியாக விசாரி. 1978இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது, அங்கேயும் ஒரு போன் போட்டுவிடு.

இலக்கணத்தில் நீ தோற்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தெர், தி, தஸ் எது வரும் என்று மனப்பாடம் பண்ணி ஒழியவேண்டியதுதான், அதற்கு வேறு வழி இல்லை. மற்றபடி 'வைல்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், தமிழ்க்காரிக்கு அது பழகிய வழி. 'ஸீ', 'டூ' என்ற மரியாதை வித்தியாசமும் நம் நீங்கள், நீ மாதிரிதான், நோயாளியிடம் எதைச் சொல்வது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கே மாட்டுகிறது என்றால் பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில். இரண்டு பேர் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைச் சேர்ந்து திட்டமிடவேண்டும். எதிரே இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை என்பார், நீ "வேண்டாம், அன்றைக்குக் கடை இருக்காது, சனிக்கிழமை வைப்போம்" என்று மறுத்துச் சொல்லவேண்டும். எழுந்து நின்று கைகட்டி ஒப்பித்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுதான் வராது. ஜெர்மன் தெரியாமல் இல்லை, மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பிரயோஜனமில்லை. கூடப் படிக்கிற ஒருத்தியைப் பிடி, தினம் அரைமணி நேரம் போனில் நிஜமான விஷயத்தைத் திட்டமிடுங்கள்: வேளாங்கண்ணிக்கு எந்த பஸ், யார் சோறு கட்டுவது, காசு யார் போடுவது. அவள் சொல்வதற்கெல்லாம் வேண்டாம் சொல்.

எனக்கு மருமகள் முறையாகிற ஒரு பெண் இப்படித்தான் போனாள், இப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஊர் வந்திருந்தபோது ஒரு விசேஷத்தில், பந்தியில் அவள் அப்பா ஏதோ ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்ல, இவள் சாம்பார் வாளியோடு நின்றபடியே "இல்லப்பா, அது அப்படி இல்ல" என்றாள். குரல் உயரவில்லை, தலையும் குனியவில்லை. பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அப்பாவுக்கு முகம் போய்விட்டது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பி1 முடிந்தால் நர்ஸ் அங்கீகாரத்துக்கு அடுத்த படியான பி2 காத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் உன் விஷயம்.

கேள்வி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 61 வயதில் பிரெஞ்சு படிக்க ஆசை. மூளைக்கு நல்லதாமே?
(ராமநாதபுரம்)

ஐயா, ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படி. ஆனால் அது இரண்டு மொழியோடு வாழ்ந்தவர்களின் கதை, 61இல் தொடங்குகிறவருக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. மருந்தாக நினைக்காமல் ஆசைக்குப் படியுங்கள். உங்களுக்கு ஒரே கஷ்டம்தான் இருக்கும், முப்பது வருடம் சிவப்பு மையில் சுழித்தவர் இனி சுழி வாங்கிக்கொள்ளவேண்டும்.

கேள்வி: ஆளாளுக்கு வெளிநாட்டு மொழி என்று ஓடினால் தமிழ் என்ன ஆவது?
(திருப்புல்லாணி)

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டே யோசித்தேன். மேசை, ஜன்னல், அலமாரி, சாவி நாலும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. கொடுத்ததும் உண்டு, மலாய்க்காரர் கப்பலைக் கப்பால் என்கிறார், கடையைக் கெடாய் என்கிறார்.

உங்கள் ஊருக்குக் கிழக்கே மண்டபம் போகிற வழியில் வேதாளை இருக்கிறதே, அங்கே 1549இல் கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். அவர் பொறுப்புக்கு வந்தவர் என்றிக்கே என்றிக்கஸ், நம் ஆட்கள் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பிழைக்காமல் தானே தமிழ் கற்றுக்கொண்டார், பின்னால் வருகிறவர்களுக்காகப் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதி வைத்தார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது அவரால்தான். மதம் பரப்பத்தான் வந்தார், அதை மறைப்பானேன். ஆனால் வேற்றுமொழி கற்ற ஒருவரால்தான் நம் எழுத்து அச்சேறியது.

கேள்வி: டிப்ளமோ முடித்திருக்கிறேன், அப்பாவுக்கு நாட்டுப்படகு. ஜப்பான் மொழி படிக்கலாம் என்று நினைக்கிறேன். ரொம்பக் கஷ்டம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
(பாம்பன்)

தம்பி, எழுத்து கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். ஹிரகானா 46 எழுத்து, அது ஒரு மாதத்து வேலை. அப்புறம் காஞ்சி என்கிற சித்திர எழுத்து, அன்றாடப் புழக்கத்துக்கென்று அரசு வைத்திருக்கும் பட்டியலே 2,136. ஆனால் வாக்கியம் இருக்கிறதே, அது உன் வாக்கியம். "வதாஷி வா சகனா ஓ தபெமாசு", நான் மீனைச் சாப்பிடுகிறேன். சகனா என்றால் மீன், பின்னால் வருகிற 'ஓ' நம் 'ஐ' உருபு போல, வினை கடைசியில். இங்கிலீஷ்காரன் இதற்குத் தலைகீழாக நிற்கவேண்டும், உனக்குச் சொல்லை மாற்றினால் போதும்.

இன்னொன்று. கொரே, சொரே, அரே, தொரே. கொரே என் பக்கத்தில் இருப்பது, சொரே உன் பக்கத்தில் இருப்பது, அரே இருவருக்கும் தள்ளி இருப்பது, தொரே கேள்வி. நமக்கு இது, அது, எது மூன்றுதானே, நடுவில் ஒன்று எங்கே போச்சு என்று கேட்பாய். மண்டபம் அகதி முகாமில் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் பேசிப் பார், "உது என்ன" என்பார்கள். இது, உது, அது, எது. நாம் தொலைத்துவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள். இதைவைத்துத் தமிழும் ஜப்பானும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடாதே. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் அப்படி வாதாடினார், மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

வேலைக்கென்றால், 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் மீன்பிடித்தொழிலும் ஒரு பிரிவு, மொழிக்கு என்4 அளவு, அதாவது கீழிருந்து இரண்டாம் படி, கேட்கிறார்கள். ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித்திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை: அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. பாஸ் சர்ட்டிபிகேட்டோடு போய் வாய் திறக்கத் தெரியாமல் நிற்காதே. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கும் முன் அப்பாவை மட்டும் கேட்காதே, போய் வந்த யாரையாவது தேடிப் பிடித்துக் கேள்.

கேள்வி: கடலுக்குப் போகிறவன். சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் நல்லதா? அப்புறம், உங்கள் தாத்தா எப்படித்தான் எண்ணுவார்?
(ராமேஸ்வரம்)

கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது அண்ணே. "மட்ட சிங்ஹல பே" என்றால் எனக்குச் சிங்களம் தெரியாது. முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே 'அய்யா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி, 'நங்கி' தங்கை, அக்கா மட்டும் அக்காதான். ஒருவன் உங்களை 'அய்யா' என்றால் பெரிய மரியாதை கொடுக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அண்ணே என்கிறான், அதுவும் நல்லதுதான். இதைவிட முக்கியம், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பில் 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அங்கே ஆட்சிமொழி, தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய வருடம் தலைமன்னாரில் கப்பலேறி அந்தத் தனுஷ்கோடியில்தான் இறங்கினார், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. சாமி கும்பிட்டது தமிழில், சண்டை போட்டது தமிழில், பாட்டியிடம் பேசாமல் இருந்ததும் தமிழில்தான். மாலையில் பெட்டிக்கடையை எடுத்து வைத்துவிட்டுத் திண்ணையில் காசைக் கொட்டினால் மட்டும் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ என்று உதடு போகும். தமிழில் எண்ணினால் கணக்கு உதைக்கிறது என்பார். சம்பாதிக்கக் கற்றது அந்த மொழியில், வேறென்ன செய்யும்.

நூறு சேர்ந்ததும் "சீய" என்பார், என்னைப் பார்த்து இரண்டு முறை கட்டைவிரலால் தன் நெஞ்சைத் தட்டிக்கொள்வார், தானே சிரித்துக்கொள்வார். நூறு சேர்ந்த சந்தோஷம் போல என்று விட்டுவிட்டேன். அவர் போய் ரொம்ப வருடம் கழித்து ஒருமுறை கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பையன், கூட்டத்தில் முன்னே போய்விட்ட கிழவரை "சீயா, சீயா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். தாத்தா என்றார்.